பட்டியல் சமூகப் பெண் தொழில்முனைவோருக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும், எதற்குப் பணம் கட்ட வேண்டாம்?

வியாசர்பாடியில் கணவரோடு சேர்ந்து சீருடை தைக்கும் யூனிட் நடத்தும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் ஆதிதிராவிடர், கணவர் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. பார்ட்னர்ஷிப் நிறுவனம், ஆளுக்குப் பாதிப் பங்கு. இதுவரை தனியார் பள்ளிகளுக்கும் செக்யூரிட்டி கம்பெனிகளுக்கும் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இனி ரயில்வே, பொதுத்துறை நிறுவனங்களின் ஆர்டர் வேண்டும் என்று பார்க்கிறார்கள். பெண், எஸ்சி, எம்எஸ்எம்இ, மைனாரிட்டி, ஐஎஸ்ஓ எல்லாச் சான்றிதழும் சேர்த்து 15,000 ரூபாய்க்கு வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்ட் சொல்கிறாராம். கொடுக்கலாமா, எதெல்லாம் உண்மையில் தேவை என்பதுதான் கேள்வி.

கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் பட்டியலில் பாதி இலவசம், மீதியில் சில உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. இந்திய அரசுக் கொள்முதலில் "பெண் தொழில்முனைவோர் சான்றிதழ்" என்று தனியாக ஒரு காகிதம் கிடையாது. உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான, அதாவது எம்எஸ்எம்இ-களுக்கான, மத்திய அரசின் இணையப் பதிவு), சாதிச் சான்றிதழ், நிறுவனம் யாருடையது என்று காட்டும் பத்திரம், இவை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் அதுவே உங்கள் சான்று. உங்கள் விஷயத்தில் அந்தப் பொருத்தம் ஒரு இடத்தில் உடைகிறது. கன்சல்டன்ட் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்த இடம் உங்கள் பார்ட்னர்ஷிப் பத்திரம். மத்திய அரசின் குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை 2012-இல் வந்தது. பெண்களுக்கான பங்கு 2018-இல் அதில் சேர்ந்தது. எது எஸ்சி, எஸ்டி நிறுவனம், எது பெண்கள் நிறுவனம் என்பதற்கு அங்கே அளவுகோல் தெளிவாக இருக்கிறது. தனிநபர் நிறுவனம் என்றால் உரிமையாளரே அந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பார்ட்னர்ஷிப் என்றால் அந்தப் பிரிவுப் பங்குதாரர்களிடம் குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றாலும் அதே 51 சதவீதப் பங்கு. உங்கள் பத்திரத்தில் 50. அந்த ஒரு சதவீதம் இல்லாததால் காகிதத்தில் நீங்கள் பெண்கள் நிறுவனமும் இல்லை, எஸ்சி நிறுவனமும் இல்லை. தையல் மெஷினில் உட்காருவதும், கட்டிங் மாஸ்டரைப் பார்த்துக்கொள்வதும், பள்ளிக்கூடத்தில் போய் அளவெடுப்பதும் நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் டெண்டர் திறப்பவர் பார்ப்பது பத்திரத்தை மட்டும்தான்.

சென்னையில் இப்படி எத்தனையோ யூனிட்கள் இருக்கின்றன. தொடங்கும்போது ஆடிட்டர், "கணவன் மனைவிதானே, ஆளுக்குப் பாதி போட்டுக்கலாம்" என்று டைப் செய்துவிடுவார். அப்போது யாருக்கும் 51 பற்றித் தெரியாது. மாற்றுவது பெரிய வேலை இல்லை. முத்திரைத்தாளில் திருத்தப் பத்திரம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நிறுவனம் பதிவுத்துறையில் பதிவானது என்றால் அங்கேயும் மாற்றத்தைத் தெரிவியுங்கள். வங்கியிலும் புதிய பத்திரத்தின் நகலைக் கொடுங்கள். நிறுவனத்தின் பான் எண் அதேதான், ஜிஎஸ்டி எண்ணும் அதேதான். லாபம் பிரியும் விகிதம் மாறுவதால் இருவரின் வருமான வரிக் கணக்கிலும் அது தெரியும் என்பதை மட்டும் ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். 51 என்று நூலிழையில் வைக்காமல் 60, 70 என்று வைப்பது நல்லது என்பது என் கருத்து. நாளைக்கு இன்னொரு பங்குதாரர் வந்தாலும் உங்கள் பங்கு 51-க்குக் கீழே போகாது.

பேசாமல் உங்கள் பெயரில் புதிதாகத் தனிநபர் நிறுவனம் தொடங்கிவிடலாமே என்றும் சிலர் சொல்வார்கள். தொழில் தொடங்கி ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தால் நானும் அதையே சொல்வேன். பல வருட விற்றுமுதல், பழைய ஆர்டர்கள், வங்கிக் கணக்கு வரலாறு எல்லாம் இந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும்போது அதைத் தூக்கிப் போடாதீர்கள். டெண்டரில் முன் அனுபவம் கேட்பார்கள், புது நிறுவனத்திடம் அது இருக்காது.

பத்திரத்தில் எழுதுவது நிஜமாகவும் இருக்க வேண்டும். சலுகைக்காக மனைவி பெயரில் போட்டுவிட்டு, செக் கையெழுத்து, சம்பளம், விலை பேசுவது எல்லாம் கணவர் வைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. அது உண்மையில் உழைக்கும் பெண்களின் பங்கைத் திருடுவது. உங்கள் நிலைமை நேரெதிர்: உண்மை உங்கள் பக்கம் இருக்கிறது, காகிதம்தான் பின்தங்கிவிட்டது. எனவே பங்கை மாற்றும் அன்றே வங்கிக் கையெழுத்து அதிகாரத்தையும் உங்கள் பெயருக்குக் கொண்டுவாருங்கள். மேனேஜிங் பார்ட்னர் நீங்கள்தான் என்றும் பத்திரத்தில் எழுதுங்கள். இதற்குக் காரணம் உண்டு, அடுத்து அதற்குத்தான் வருகிறேன்.

உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் இருந்த உத்யோக் ஆதாரின் இடத்தில் வந்தது. கட்டணம் ஒரு பைசா கிடையாது, புதுப்பிக்கவும் தேவையில்லை. கூகுளில் தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் அரசுத் தளம் போலவே தேசியக்கொடி, அசோகச் சின்னச் சாயலோடு நிற்கும் தனியார் பக்கங்கள். அங்கே ஆயிரக்கணக்கில் பணம் கேட்பார்கள். முகவரியின் முடிவில் அரசுத் தளங்களுக்கே உரிய "கவ் டாட் இன்" இருக்கிறதா என்று பாருங்கள், பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

அந்தப் படிவத்தில் மூன்று இடங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, யாருடைய ஆதார். பார்ட்னர்ஷிப் என்றால் மேனேஜிங் பார்ட்னரின் ஆதாரைத்தான் கேட்கும். ஆண், பெண் என்ற கட்டமும், பொது, எஸ்சி, எஸ்டி, ஓபிசி என்ற கட்டமும் அந்த ஆளைப் பற்றித்தான். நிறுவனம் உங்கள் உழைப்பில் நடந்தாலும், ஆடிட்டர் அவசரத்துக்கு உங்கள் கணவரின் ஆதாரைப் போட்டிருந்தால் பதிவில் ஆண், ஓபிசி என்றுதான் நிற்கும். உங்கள் சான்றிதழை எடுத்து இப்போதே பாருங்கள். அப்படி இருந்தால் இரண்டாவதாக ஒரு உத்யம் எடுக்க முயலாதீர்கள், ஒரு நிறுவனத்துக்கு ஒன்றுதான். திருத்திய பத்திரத்தோடு கிண்டி ஜிஎஸ்டி சாலையில் இருக்கும் எம்எஸ்எம்இ வளர்ச்சி அலுவலகத்துக்கோ, கிண்டியில் இருக்கும் மாவட்டத் தொழில் மைய அலுவலகத்துக்கோ நேரில் போங்கள். உத்யம் பதிவில் உதவுவது அவர்கள் பொறுப்பு, அதற்கும் கட்டணம் இல்லை.

இரண்டாவது, என்ன தொழில் என்ற குறியீடு. உடை தயாரிப்புக்கான தேசியத் தொழில் குறியீடுகள் 14-இல் தொடங்கும். சில்லறை வியாபாரக் குறியீடுகள் 47-இல் தொடங்கும். "துணி" என்று தேடி முதலில் வந்ததைத் தட்டிவிட்டு, தையல் யூனிட் கடையாகப் பதிவான கதைகள் உண்டு. 2021 ஜூலை முதல் வியாபாரிகளும் உத்யம் எடுக்கலாம், ஆனால் அது வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். கொள்முதல் சலுகையும், பணம் தாமதமானால் வட்டி கேட்கும் உரிமையும் தயாரிப்பாளருக்கும் சேவை தருபவருக்கும்தான். திருப்பூரில் வாங்கி விற்றால் நீங்கள் வியாபாரி. துணி வாங்கி வெட்டித் தைத்தால் தயாரிப்பாளர். உங்கள் உத்யமில் தயாரிப்பு என்று இருக்க வேண்டும்.

மூன்றாவது, மொபைல் எண்ணும் மின்னஞ்சலும். ஏஜென்ட் தன்னுடைய எண்ணைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும், நீங்கள் அவர் பின்னால் அலைய வேண்டும். உத்யம் ஆகட்டும், அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் இணையச் சந்தையான ஜெம் தளம் ஆகட்டும், உங்கள் எண், உங்கள் மின்னஞ்சல், உங்கள் பாஸ்வேர்ட். யார் டைப் செய்து கொடுத்தாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல், பெயர். ஆதாரில் "செ. மலர்" என்று இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும், சாதிச் சான்றிதழில் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல், வங்கியில் கணவர் இனிஷியல். ஆள் ஒருவர்தான், கம்ப்யூட்டருக்கு நான்கு பேர். ஆதாரிலும் பானிலும் இருக்கிறபடியே பெயரை அடிக்காவிட்டால் உத்யம் படிவம் அடுத்த பக்கத்துக்கே போகாது. சரிசெய்துகொள்ள ஒரு வழி: பான் அட்டையில் உள்ள பெயரை அளவாக வைத்துக்கொண்டு ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் இருப்பது தவறில்லை. சாதி பிறப்பால் வருவது, திருமணத்தால் மாறுவதில்லை. கணவர் வேறு சாதி என்பதால் உங்கள் எஸ்சி தகுதி போய்விடாது. அதேபோல வேறு சாதியில் பிறந்த பெண் பட்டியல் சமூகத்தவரை மணந்தால் அவருக்கு அது வந்துவிடவும் செய்யாது.

சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து டிஜிட்டல் கையெழுத்துள்ள புதிய சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியல் சாதிக்குத் தாசில்தார் கொடுப்பார், பழங்குடிக்குக் கோட்டாட்சியர். அருந்ததியர் என்றாலும் உத்யமில் எஸ்சி என்ற ஒரே கட்டம்தான். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், வடசென்னையில் இது பல குடும்பங்களைத் தொடும் விஷயம். 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே எஸ்சி தகுதி. கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சமூகத்தவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். தெரு அதே தெரு, ஒதுக்கலும் அதே ஒதுக்கல், சலுகை மட்டும் இல்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022-இல் ஒன்றிய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. ஆனால் விதி அப்படி இருக்கும்வரை பழைய சான்றிதழைக் காட்டி டெண்டர் எடுப்பது ஆபத்து. யாராவது புகார் கொடுத்தால் ஆர்டரும் போகும், பெயரும் போகும்.

நீங்கள் கேள்வியின் ஓரத்தில் தயங்கித் தயங்கி எழுதிய ஒன்று: உத்யம் சான்றிதழில் சாதிப் பிரிவு அச்சாகிறதே, தனியார் பள்ளிக்காரர் கேட்கும்போது அதைக் கொடுத்தால் என்ன நினைப்பார்களோ என்று. ஆமாம், அச்சாகிறது. தொழில்முனைவோரின் சமூகப் பிரிவு என்ற வரி அந்தச் சான்றிதழிலேயே இருக்கிறது. இந்தப் பயத்தால் "பொது" என்று பதிந்துவிட்ட பலர் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஊர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துதான் அந்தத் தயக்கம் வருகிறது. ஆனால் "பொது" என்று பதிந்தால் எஸ்சி பங்கு உங்களுக்குக் கிடைக்காது. தனியார் வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்குத் தேவைப்படுவது உங்கள் உத்யம் எண்ணும் நீங்கள் குறு நிறுவனமா சிறு நிறுவனமா என்பதும்தான். முதலில் அந்த இரண்டையும் உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள். பல இடங்களில் அதுவே போதும். பதிவில் உண்மையைப் போடுங்கள்.

இனி அந்தப் பங்கு என்ன என்று பார்ப்போம். மத்திய அமைச்சகங்கள், துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள்ளேயே 4 சதவீதம் எஸ்சி, எஸ்டி நிறுவனங்களுக்கு, 3 சதவீதம் பெண்கள் நிறுவனங்களுக்கு. பத்திரத்தைத் திருத்திய பிறகு நீங்கள் இரண்டிலும் வருவீர்கள். உங்கள் பக்கத்திலேயே பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனமான சிபிசிஎல், துறைமுகம், ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள் எல்லாம் இந்த விதிக்குள் வருகின்றன. மாநில அரசுத் துறைகளும் மாநகராட்சியும் இதில் வராது. அவற்றுக்கு 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் தனி.

இந்த 4 சதவீதம் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்காது. எஸ்சி, எஸ்டி நிறுவனங்கள் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டால், அல்லது தகுதியும் விலையும் பொருந்தாவிட்டால், அந்தப் பங்கை மற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிக் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று ஆணையிலேயே இருக்கிறது. நம்மவர்கள் விண்ணப்பிக்காமல் இருப்பது மற்றவர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது.

டெண்டரில் இது எப்படி வேலை செய்யும் என்று ஒரு கணக்கு. 1,000 செட் சீருடைக்கு டெண்டர். ஒரு பெரிய கம்பெனி செட்டுக்கு 800 ரூபாய் போட்டு மிகக் குறைந்த விலையாக வருகிறது. நீங்கள் 900 போட்டிருக்கிறீர்கள். 800-க்கு மேல் 15 சதவீதம் வரை, அதாவது 920 வரை விலை சொன்ன குறு, சிறு நிறுவனங்களை அழைத்து, 800-க்குத் தருகிறீர்களா என்று கேட்பார்கள். சரி என்றால் 25 சதவீதம், அதாவது 250 செட் உங்களுக்கு. உங்களைப் போல இன்னும் இருவர் அந்த எல்லைக்குள் இருந்தால் அந்த 250-ஐப் பிரித்துக்கொள்ள வேண்டும். மிகக் குறைந்த விலை சொன்னவரே குறு, சிறு நிறுவனம் என்றால் இந்த அழைப்பு வராது.

சரி என்று சொல்வதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். துணி 520, தையல் கூலி 160, பொத்தான், ஜிப், கான்வாஸ், பேக்கிங் எல்லாம் 50, வண்டி வாடகை 20 என்றால் 750 ஆகிவிட்டது. மிச்சம் 50 ரூபாயில் வாடகை, கரண்ட் பில், திரும்பி வரும் செட்டுகள், பணம் வரும்வரை வாங்கிய கடனுக்கு வட்டி. கட்டுமா? கட்டாது என்றால் மறுத்துவிடுங்கள், மறுப்பதால் உங்கள் பதிவுக்கு ஒன்றும் ஆகாது. சலுகை கிடைத்த மகிழ்ச்சியில் நஷ்டத்துக்கு ஒப்புக்கொண்டு பாதியில் நின்றவர்கள்தான் கறுப்புப் பட்டியலில் போகிறார்கள்.

டெண்டர் படிவத்துக்குக் கட்டணம் இல்லை, ஈஎம்டி (டெண்டர் போடும்போது கட்டும் முன்வைப்புத் தொகை) கட்டத் தேவையில்லை என்ற இரண்டும் உத்யம் இருந்தால் கிடைக்கும். சிறிய யூனிட்டுக்கு இது பெரிய நிம்மதி, ஒரே நேரத்தில் நாலைந்து டெண்டரில் பணம் முடங்காது. ஆனால் ஆர்டர் கிடைத்த பிறகு, வேலையை ஒழுங்காக முடிப்பதற்கு உத்தரவாதமாகக் கேட்கும் பெர்ஃபார்மன்ஸ் செக்யூரிட்டி வேறு, அதற்கும் விலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளைத் தளர்த்துவதும் வாங்குபவரின் விருப்பம்தான். ஒவ்வொரு டெண்டரிலும் தளர்வு உண்டா இல்லையா என்று எழுதியிருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள்.

எங்கே போடுவது? ஜெம் தளத்தில் விற்பனையாளர் பதிவு இலவசம். பெண்கள் நிறுவனங்களுக்கு "வுமனியா" என்ற பிரிவு 2019 முதல் இருக்கிறது. உத்யம் எண்ணை இணைத்தால் பெண், எஸ்சி என்ற விவரங்கள் அங்கிருந்தே வரும், அதனால்தான் உத்யமைச் சரிசெய்யாமல் இங்கே வரக் கூடாது. ரயில்வே பொதுவான பொருட்களை ஜெம்மிலும், தன் தேவைக்கே உரியவற்றை ஐரெப்ஸ் என்ற தன் தளத்திலும் வாங்குகிறது. ஐரெப்ஸில் நுழைய டிஜிட்டல் கையெழுத்துச் சாவி வேண்டும், அதற்குக் காசு ஆகும். முதலில் ஜெம்மில் பழகுங்கள்.

எஸ்சி, எஸ்டி நிறுவனங்களுக்கென்றே 2016-இல் தொடங்கிய தேசிய எஸ்சி-எஸ்டி ஹப் இருக்கிறது. மத்திய அரசின் தேசியச் சிறுதொழில் கழகமான என்எஸ்ஐசி நடத்துகிறது, சென்னையிலும் அலுவலகம் உண்டு. என்எஸ்ஐசி-யின் ஒற்றைப் பதிவுத் திட்டச் சான்றிதழில் நீங்கள் என்ன பொருள், எவ்வளவு தயாரிக்க முடியும் என்று யூனிட்டை நேரில் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். சலுகைக்கு உத்யமே போதும் என்றாலும், பெரிய அலுவலகங்களில் புது ஆளை நம்ப வைக்க இந்தச் சான்றிதழ் உதவும். ஹப் மூலம் போனால் எஸ்சி, எஸ்டி நிறுவனங்களுக்கு இதன் கட்டணம் பெயரளவுக்குத்தான். துணிப் பரிசோதனைக்கு ஆகும் செலவில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. சீருடை டெண்டரில் துணியின் எடை, நூல் எண்ணிக்கை, சாயம் போகாமை என்று பரிசோதனை அறிக்கை கேட்பார்கள் என்பதால் இதை விடாதீர்கள்.

ஓஎம்ஆரில் இருக்கும் அமெரிக்க கம்பெனி ஒன்றின் வெண்டர் படிவத்தில் "மைனாரிட்டி சப்ளையர்" என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கன்சல்டன்ட் பட்டியலில் உள்ள "மைனாரிட்டி" அங்கிருந்துதான் வந்திருக்கும். அமெரிக்காவில் அது இன அடிப்படையிலான சான்று. என்எம்எஸ்டிசி என்ற அமைப்பு கொடுக்கிறது, அமெரிக்கக் குடிமக்களின் நிறுவனங்களுக்கு மட்டும். வியாசர்பாடி யூனிட்டுக்கு அது கிடைக்கவே கிடைக்காது, வாங்கித் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார். அந்த மாதிரி கம்பெனிகள் இந்தியாவில் ஏற்றுக்கொள்ளும் பெண்கள் நிறுவனச் சான்று வீகனெக்ட் இன்டர்நேஷனல் தருவது. பெண்களிடம் 51 சதவீத உரிமை, நிர்வாகம், கட்டுப்பாடு மூன்றும் இருக்க வேண்டும். பத்திரம், வங்கி ஆவணங்கள் பார்த்து, நேர்காணலும் செய்வார்கள். அங்கே உங்கள் கணவரைப் பேச விடாமல் நீங்களே பேச வேண்டும். துணி எங்கே வாங்குகிறீர்கள், கடன் யார் கையெழுத்தில், விலை எப்படிப் போடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டால் உங்களுக்குத்தான் பதில் தெரியும். அவர்கள் தளத்தில் பெயர் பதிவது இலவசம், சான்றிதழுக்குக் கட்டணம் உண்டு. ஆகவே முதலில் பதிவு மட்டும் செய்யுங்கள். ஒரு கம்பெனி நிஜமாகவே கேட்டால் அப்போது பணம் கட்டலாம்.

ஐஎஸ்ஓ பற்றிச் சுருக்கமாக. இரண்டு நாளில், யூனிட்டைப் பார்க்காமலே கிடைக்கும் ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் ஆகும். சான்றிதழ் கொடுக்கும் நிறுவனத்துக்கு, அப்படிப்பட்ட நிறுவனங்களைச் சோதித்து அங்கீகரிக்கும் என்ஏபிசிபி போன்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று வாங்குபவர்கள் பார்க்கிறார்கள். அதற்குப் பதில் சிறு நிறுவனங்களின் தரத்துக்காக ஒன்றிய அரசு தரும் ஜெட் சான்றிதழில் வெண்கலப் படியை எடுங்கள். பெண்கள் நடத்தும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குச் சான்றிதழ் கட்டணம் முழுக்க மானியம். தீயணைப்புக் கருவி, பாதுகாப்பான ஒயரிங், கழிவுத் துணி சேகரிப்பு என்று அவர்கள் கேட்பதும் தையல் யூனிட்டுக்கு நல்லதுதான்.

மாநிலத் திட்டங்கள் கொள்முதலுக்கு இல்லை, முதலீட்டுக்கு. உங்களுக்குப் பெரியது அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்: 35 சதவீத மூலதன மானியம், உச்சவரம்பு 1.5 கோடி, கூடவே 6 சதவீத வட்டி மானியம். புது மெஷின் போடும் எண்ணம் இருந்தால், வாங்கிய பிறகு போகாமல் வாங்கும் முன்னரே மாவட்டத் தொழில் மையத்தில் பேசுங்கள். கணவர் பங்குதாரராக இருக்கும் நிலையில் தகுதி எப்படி என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு டாப்செட்கோ, சிறுபான்மையினருக்கு டாம்கோ கடன் தருகின்றன. மத்தியக் கொள்முதலில் அவர்களுக்குத் தனிப் பங்கு இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநங்கையருக்கும்கூட உத்யம் படிவத்தில் கட்டம் இருக்கிறது, கொள்முதலில் பங்கு இன்னும் வரவில்லை. வர வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உத்யம் இருக்கும் குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. செக்யூரிட்டி கம்பெனி நாலு மாதமாக இழுத்தடிப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மத்திய அரசின் எம்எஸ்எம்இ பணத் தாமதப் புகார் தளத்தில் புகார் கொடுத்தால், இந்தப் பணத் தகராறுகளைத் தீர்க்கும் வட்டார வசதி மன்றத்துக்குப் போகும். 2024 ஏப்ரல் முதல் இன்னொரு பிடியும் இருக்கிறது: காலக்கெடுவுக்குள் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரிக் கணக்கில் அவர்கள் காட்ட முடியாது, கட்டும் ஆண்டில்தான் காட்டலாம். மார்ச் மாதத்துக்கு முன் அவர்கள் ஆடிட்டருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள், உங்கள் உத்யம் எண்ணையும் பில் தேதிகளையும் எழுதி. உத்யம் பதிவுத் தேதி அந்த ஆர்டருக்கு முந்தையதாக இருக்க வேண்டும், பிந்தியது என்றால் வாதம் வளரும். உங்களுடையது எந்தத் தேதி என்று பார்த்துவிட்டுப் புகாரைத் தொடங்குங்கள். பத்திரத் திருத்தத்துக்காக அது காத்திருக்க வேண்டியதில்லை, இந்த வாரமே செய்யலாம்.